மூன்றாவது ரிக்கெற்

தம்பி,

நேரே சொன்னால் நீ என்னை முடிக்க விடமாட்டாய். "ஓகே அம்மா, ஓகே அம்மா" என்று கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன். சனிக்கிழமை வகுப்பில் நீ படித்த தமிழுக்கு இதை வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். நல்லதுதான். முட்டுப்படுகிற இடத்தில் ஆரணியிடம் கேள். உன் மனைவி என்பதற்காகச் சொல்லவில்லை, அவள் உன்னைவிட நன்றாக வாசிப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் விட்பியில் உங்கள் வீட்டிலிருந்து ரூஜில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். கல்யாணம் முடிந்து இன்னும் வாழைமரம் கட்டிய கயிறுகூட வாசலில் அவிழ்க்கப்படவில்லை. நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். நீ பால் வாங்கி வந்த செய்தி சொல்வது மாதிரிச் சொன்னாய்: "அம்மா, ஜூன்லை நாங்கள் ஃபிஜி போறம். நீங்களும் வாறீங்கள். மூண்டு ரிக்கெற் போட்டாச்சு. நோ ஆர்கியுமென்ற்." குழாயைப் பூட்டினேன். "தம்பி, உது உங்கடை ஹனிமூன் எல்லோ?" என்று கேட்டேன். "ஸோ?" என்றாய். ஆரணி துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்தபடி, "ஓம் மாமி, வாங்கோ. உங்களுக்குப் பக்கத்து ரூம். நீங்கள் ஒருக்காப் போன இடம்தானே, எங்களுக்கும் காட்டுங்கோ" என்றாள். அந்தப் பிள்ளை வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை. மனதாரத்தான் கூப்பிட்டாள்.

அன்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். நான் வரவில்லை. நீங்கள் இருவரும் போகிறீர்கள். நான் வராவிட்டால் நீயும் போகப்போவதில்லை என்று ஆரணியின் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாயாம். சம்மந்தி எனக்குச் சொல்லாமல் இருப்பாவா? ஆகவே இந்தக் கடிதத்துக்கு ஒரே வேலைதான், உன்னை ஆரணியோடு அந்த விமானத்தில் ஏற்றுவது. அதற்கு முதல், மூன்றரை வருடத்துக்கு முன்பு அதே ஃபிஜிக்கு நீயே அனுப்பிவைத்த ஆள் என்ற உரிமையில், தெரிந்ததை எல்லாம் சொல்லித் தருகிறேன். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவதற்கு 'வழிகாட்டி வேணும்' என்ற சாட்டு உனக்கு மிஞ்சக் கூடாது.

முதலில் நாள். எங்கள் முப்பதாவது கல்யாண நாளுக்கு நீ அந்தப் பயணத்தைப் பரிசாகத் தந்தபோது, அப்பா பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தது உனக்கு நினைவிருக்கும். கல்யாண நாள் அந்த வருடம் வெள்ளிக்கிழமையில் வந்தது. அட்டமி இல்லை, நவமி இல்லை, நல்ல யோகம். வியாழன் இரவு வான்கூவரில் ஏறினால் வெள்ளி காலையில் இறங்கலாம், இறங்கிய கையோடு அங்குள்ள முருகன் கோயிலுக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டு, உன்னைக்கொண்டு திகதியை மாற்றுவித்தார். நீ "அப்பா, டேற் லைன்" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அவர் கேட்கிற ஆளா? வியாழன் இரவு ஏறினோம். இறங்கினால் சனிக்கிழமை. கடல் நடுவில் திகதிக் கோடு தாண்டியதில் வெள்ளிக்கிழமையே இல்லை. விமான நிலைய வாசலில், முழுக்கைச் சேட்டும் வேட்டியும் நெற்றியில் திருநீறுமாக நின்றுகொண்டு, "இஞ்சேரும், எங்கடை வெள்ளிக்கிழமை எங்கை?" என்று என்னைக் கேட்டார். நான் ஒளித்துவைத்த மாதிரி. ராக்ஸி ஓட்ட வந்தவர், அமெரிக்கா பக்கத்திலிருந்து வருகிற எல்லோரும் ஒரு நாளைக் கடலில் போட்டுவிட்டுத்தான் வருவார்கள், திரும்பும்போது பொறுக்கிக்கொள்ளலாம் என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். உண்மைதான், திரும்பும்போது ஒரே நாள் இரண்டு தடவை வந்தது. ஆகையால் அங்கே அறை போடும்போது இறங்குகிற திகதியைப் பார்த்துப் போடு, ஏறுகிற திகதியைப் பார்த்துப் போடாதே. குளிசை எடுக்கிறவர்கள் கிழமையைப் பார்க்காமல் மணித்தியாலத்தைப் பார்த்து எடுக்க வேண்டும். நான் பிரஷர்க் குளிசையைப் பெட்டியின் வெள்ளிக்கிழமை அறைக்குள் அப்படியே விட்டுவிட்டுத் தலை சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

அடுத்தது சாப்பாட்டுச் சாமான். நாங்கள் எங்கே போனாலும் தூள் இல்லாமல் போவதில்லை, அது உனக்குத் தெரியும். கியூபாவுக்குப் போன உன் சின்னம்மாவே கோழிக்கு மேலே தூவத் தூள் கொண்டு போனவள். நான் வறுத்த மிளகாய்த்தூளைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, மாசிக்கருவாட்டைக் கடதாசியில் சுருட்டி, சமையலறை ஜன்னலோரத்தில் பனிக்காலம் முழுக்கப் பிள்ளைபோல வளர்த்த மரத்திலிருந்து கறிவேப்பிலையும் ஒடித்துப் பெட்டிக்குள் வைத்தேன். விமானத்தில் தந்த படிவத்தில் சாப்பாடு, செடி, விதை ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தது. தூள் எப்படிச் சாப்பாடாகும் என்று நினைத்து, இல்லை என்று கோடு போட்டுவிட்டேன். பெட்டியைத் திறந்த அலுவலர் போத்தல் மூடியைத் திருகி மணந்து பார்த்தார். பாவம், அதற்குப் பிறகு அவருக்குத் தும்மல் நிற்கவில்லை. கறிவேப்பிலையையும் மாசியையும் எடுத்துக்கொண்டு, தீவுகளில் வெளியூர்ப் பூச்சி ஒன்று வந்தால் ஊர்த் தோட்டமே போய்விடும், அடுத்த தடவை எதுவானாலும் உண்டு என்று எழுதுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்வோம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு முகம் சுருங்கிப்போய்விட்டது. வெளியே வந்து ராக்ஸியில் ஏறினால், வழி நெடுக வேலியெல்லாம் கறிவேப்பிலை. சந்தையில் பச்சை மிளகாய், கத்தரிக்காய், மரவள்ளிக்கிழங்கு, தேங்காய் எல்லாம் குவிந்து கிடக்கிறது. ஆகவே ஆரணியின் அம்மா ஏதாவது கட்டித் தர வெளிக்கிட்டால் நல்ல வார்த்தை சொல்லித் தடுத்துவிடு. அதையும் மீறிப் பெட்டிக்குள் ஏதும் போனால், உண்டு என்று எழுது.

அந்த ராக்ஸிக்காரரின் பெயர் சாமி. அவருடைய பூட்டன் தென்னிந்தியாவிலிருந்து கரும்பு வெட்டப் போனவராம். நான் தமிழில் சுகம் கேட்டேன். அவருக்குக் கோயிலில் பாடுகிற பாட்டைத் தவிர ஒரு சொல்லும் வராது. ஆனால் அந்தப் பாட்டை வரி பிசகாமல் பாடிக் காட்டினார். எங்களை முருகன் கோயிலுக்கு அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். கல்யாண நாள் ஒரு நாள் பிந்தினாலும் கும்பிட்டோம். மொழி போய்விட்ட பிறகும் அந்த மனிசர் கோபுரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஸ்ரேரிங்கை விட்டுக் கையெடுத்தார், எனக்குத்தான் நெஞ்சு பதைத்தது. நீங்களும் போய்க் கும்பிடுங்கள். கோயிலுக்குள் அரைக் காற்சட்டை விடமாட்டார்கள், வேட்டி ஒன்று கொண்டு போ.

வெயில். நாங்கள் கறுப்பர், எங்களுக்கு வெயில் சுடாது என்று நினைக்காதே. அப்பா அப்படித்தான் சொன்னார். "உது வெள்ளையளுக்குப் பூசுற சாமான்" என்று நான் நீட்டிய கிறீமைத் தள்ளிவிட்டார். அடுத்த நாள் ஒரு கிராமத்துக்குப் போனோம். அந்த ஊர்க் கிராமங்களுக்குள் தொப்பி போடக் கூடாது, கறுப்புக் கண்ணாடியும் கூடாது, அது ஊர்த் தலைவருக்குச் செய்யும் அவமரியாதை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அப்பா மரியாதை தெரிந்தவர், ஊர் எல்லையிலேயே தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்த மொட்டைத் தலை அரை நாள் வெயிலைக் குடித்தது. பிறகு ஒரு கிழமைக்கு வெங்காயத் தோல் மாதிரி உரிந்துகொண்டே இருந்தது. ஆகவே காலையிலேயே கிறீம் பூசு. கடலுக்குள் இறங்குவதானால் பவளப்பாறைக்குக் கேடு செய்யாத வகை என்று போட்டிருப்பதைப் பார்த்து இங்கேயே வாங்கு, அங்கே தீவுகளில் விலை கண்ணைக் கட்டும்.

கிராமத்துக்குப் போவதென்றால் வெறுங்கையோடு போகாதே. யங்கோனா என்று ஒரு வேர், சந்தையில் கட்டாகக் கட்டி விற்பார்கள். அதை வாங்கிக்கொண்டு போய்த் தலைவர் முன்னால் பாயில் உட்கார்ந்து வைக்க வேண்டும். நாங்கள் வெற்றிலைத் தட்டத்தோடு கல்யாணம் சொல்லப் போவது மாதிரித்தான். அவர் அதை ஏற்றுக்கொண்டு நாலு வார்த்தை சொன்ன பிறகு, நீ அந்த ஊர் ஆள், யாரும் உன்னை அந்நியமாகப் பார்க்கமாட்டார்கள். அந்த வேரை இடித்து நீரில் கரைத்துச் சிரட்டையில் தருவார்கள். வாங்குவதற்கு முன்பு ஒரு தரம் கை தட்டி, மடக்கென்று குடித்துவிட்டு மூன்று தரம் தட்ட வேண்டும். பார்க்கச் சேற்றுத் தண்ணீர், ருசியும் ஏறக்குறைய அப்படித்தான், நாக்கு விறைத்துப்போகும். வாழ்நாளில் பியர்கூடத் தொடாத உன் அப்பா தட்டினார், குடித்தார், தட்டினார். "என்னெண்டு இருக்கு?" என்று மெல்லக் கேட்டேன். "நாக்கு இருக்கோ இல்லையோ எண்டு ஒருக்காப் பாரும்" என்றார். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள், என்ன சொன்னார் என்று விளங்காமலே. அவ்வளவு சிரிக்கத் தெரிந்த சனத்தை நான் வேறெங்கும் காணவில்லை. தெருவில் எதிரே வருகிறவர் எல்லோரும் "பூலா" என்று சொல்லாமல் தாண்டமாட்டார்கள். நீயும் சொல். ரொறொன்ரோ லிஃப்றுக்குள் நிற்பது மாதிரி மேலே பார்த்துக்கொண்டு போகாதே. இன்னொன்று, யாருடைய பிள்ளையைக் கண்டாலும் தலையைத் தடவுகிற பழக்கம் உனக்கு உண்டு. அங்கே தலையைத் தொடக் கூடாது.

கடல். பாறைக்கு உள்ளே இருக்கிற கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ஆனால் வற்று நேரத்தில் கணுக்கால் அளவுதான் தண்ணீர், கால் வைத்தால் பவளப்பாறை கிழிக்கும். தண்ணீர் ஏறும் பெருக்கு எப்போது என்று விடுதியில் கேட்டு இறங்கு. ரப்பர்ச் சப்பாத்து இல்லாமல் ஓரடியும் வைக்காதே. கீறல் பட்டால் சின்னது என்று விடாதே, நன்றாகக் கழுவி மருந்து போடு, அந்த வெக்கைக்கு ஒரே நாளில் சீழ் வைக்கும். பாறையில் வாய் மாதிரி ஓர் இடைவெளி இருக்கும், உள்ளே வந்த தண்ணீரெல்லாம் அதனூடாகத்தான் வெளிக் கடலுக்குப் போகும், அந்தப் பக்கம் நீந்தவே கூடாது. சின்னத் தீவுகளுக்குப் படகில் போனால் இறங்குதுறை இருக்காது, முழங்கால் தண்ணீரில்தான் இறக்குவார்கள். பாஸ்போட்டையும் போனையும் பிளாஸ்ரிக் பையில் கட்டு. அங்கே வங்கி மெஷின் கிடையாது, கையில் காசு வைத்திரு. நுளம்புக்குப் பூசுகிறது மறக்காதே, டெங்கு எங்களுக்குப் புதிசில்லை. கரண்ட் இருநூற்றி நாற்பது வோல்ற், ஆரணியின் தலைமயிர் காய வைக்கும் மெஷினை அங்கே குத்தினால் புகைதான் வரும். அப்பாவின் சவர மெஷின் அப்படித்தான் போனது, திரும்பி வரும்போது தாடியோடு வந்தாரே, அதுதான் காரணம். நீ அவர் ஸ்ரைல் மாற்றிவிட்டார் என்று நினைத்துப் படம் எடுத்தாய்.

இவ்வளவும் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடைக்கும். இனிச் சொல்லப்போவது கிடைக்காது.

நானும் அப்பாவும் அந்தப் பயணம் வரைக்கும் தனியே இருந்ததில்லை. உனக்கு இது சிரிப்பாக இருக்கும். யோசித்துப் பார். நான் கல்யாணம் கட்டி வந்து இறங்கியது சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்றுக்கு. அப்பாவின் இரண்டு தம்பிமார், ஒரு மச்சான், இன்னும் யார் யாரோ அகதியாக வந்து இறங்குகிறவர்கள், எல்லோரும் ஹோலில் படுப்பார்கள். பிறகு ஸ்காபரோவில் வீடு, அப்பாவின் அம்மா அப்பா. பிறகு நீ. பிறகு ரூஜ், பேஸ்மென்றில் வாடகைக்கு ஒரு குடும்பம், அவர்களுக்கு எங்களுடைய சமையலறை. ஒருவரையும் நான் குறை சொல்லவில்லை. எல்லாரும் அருமையான சனம், எனக்கு ஒன்றென்றால் ஓடி வருகிறவர்கள். ஆனால் அப்பாவோடு நான் கதைத்ததெல்லாம் பால் முடிந்தது, வாடகை வந்தது, தம்பிக்குக் காய்ச்சல் என்பதுதான். ஃபிஜியில் முதல் நாள் இரண்டு பேருக்கு மட்டும் போட்ட மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. என்ன கதைப்பது என்று தெரியவில்லை. அவர் உப்புப் போத்தலை எடுத்து எடுத்து வைத்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தார்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, வாழையிலையில் சுற்றி நிலத்துக்குள் சுட்ட முழு மீன் ஒன்று கொண்டுவந்து வைத்தார்கள். அப்பா வழக்கம்போலத் தலையைப் பிரித்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார். என் கல்யாணத்துக்கு அடுத்த கிழமை, அந்த அப்பார்ட்மென்றில் சுற்றிவரப் பத்துப் பேர் இருந்து சாப்பிடும்போது யாரோ மீன் தலையை எனக்குப் போட்டு, "தலை பிடிக்குமோ?" என்று கேட்டார்கள். புதுப் பொம்பிளை, என்ன சொல்வேன்? ஓம் என்றேன். அன்று முதல் எந்த மீன் வாங்கினாலும் தலை எனக்கு. விளைமீனாகட்டும், பாரையாகட்டும், அப்பா பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார். நீயும் அப்படித்தான், சின்ன வயதிலிருந்தே "அம்மாக்குத் தலை" என்பாய். அந்தக் கடற்கரையில் என்ன பிடித்ததோ தெரியாது, நான் சொல்லிவிட்டேன்: "இஞ்சேருங்கோ, எனக்கு மீன் தலை பிடிக்காது."

அவர் என்னையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "எப்ப தொடக்கம்?" என்று கேட்டார்.

"எப்பவுமே பிடிக்காது. அந்தக் கண் என்னைப் பாக்கும்."

"முப்பது வருஷமாய் நீர் ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்ப கேட்டனீங்கள்? சாப்பிடேக்கை எப்பவும் பத்துப் பேர் இருந்தவை."

கோபிப்பார் என்று நினைத்தேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார், தோள் குலுங்கியது, கண்ணால் தண்ணீர் வந்தது. பிறகு அது சிரிப்பா வேறு எதுவா என்று எனக்குத் தெரியவில்லை. தலையைத் தன் கோப்பைக்கு எடுத்துக்கொண்டு, நடுத் துண்டை முள் எடுத்து என் பக்கம் தள்ளினார். "வேறை என்ன உமக்குப் பிடிக்காது? எல்லாத்தையும் இப்ப சொல்லும்" என்றார். சொன்னேன். அவருடைய பச்சைச் சேட்டு, கார் ஓட்டும்போது ஹோன் அடிப்பது, என் அண்ணனைப் பற்றி மற்றவர்களுக்கு முன்னால் பகிடி விடுவது. அவரும் சொன்னார். என் சாம்பார் அவருக்குப் பிடிக்காதாம்! சொதி வைத்தால் போதுமாம். மேசையைத் துடைக்க வந்த பிள்ளை இரண்டு தரம் வந்து திரும்பிப் போனது. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான், தம்பி, என்னுடைய கல்யாண வாழ்க்கையில் ஆகச் சந்தோஷமானவை. பெருக்கு நேரத்தில் இருவரும் இடுப்பளவு தண்ணீரில் கை பிடித்துக்கொண்டு நின்றோம். ஸ்காபரோவில் தமிழ்க் கடைப் பக்கம் அப்படி நின்றிருப்போமா? அங்கே எங்களைத் தெரிந்த ஒரு காக்கையும் இல்லை. நான் வாய்விட்டுப் பாடினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அந்த மனிசனில் ஆசை வந்தது. மகனுக்கு எழுதக் கூடாதுதான், எழுதிவிட்டேன்.

அந்தச் சந்தோஷம் எனக்கு இரண்டு வருடமும் கொஞ்ச மாதமும் கிடைத்தது. நாங்கள் திரும்பி வந்த பிறகு வீடு பழையபடிதான், ஆனால் சாப்பாட்டு மேசையில் அவர் மீன் தலையைத் தன் பக்கம் எடுத்துவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார். நீ "அம்மாக்குத் தலை" என்று சொல்லும்போது இருவரும் சிரித்ததன் காரணம் இதுதான்.

இனி நீ என்ன நினைக்கிறாய் என்பதற்கு வருகிறேன். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது நீ வேலை விஷயமாகக் கல்கரியில் நின்றாய். முதல் விமானத்தில் ஏறினாய், ஆனாலும் அவர் காத்திருக்கவில்லை. அன்றிலிருந்து நீ என்னை விட்டு ஓர் இரவும் விட்பிக்கு அப்பால் நிற்கவில்லை. வேலைக்கு வெளியூர் அனுப்பினால் வேறு ஆளை மாற்றிவிடுகிறாய். ஒவ்வொரு பின்னேரமும், பனி கொட்டினாலும், வேலை முடிந்து ரூஜில் இறங்கி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் விட்பிக்குப் போகிறாய். என் வாசலில் பனி தள்ளிவிட்டு, உன் வாசலில் போய்த் தள்ளுகிறாய். அப்பாவின் ஆண்டுத் திவசத்தில் ஐயர் சொல்லச் சொல்லத் திக்கித் திக்கி நீ சொன்ன மந்திரத்தைக் கேட்டு, வந்திருந்தவர்கள் எல்லாம் கண் கலங்கினார்கள். கனடாவில் பிறந்த பிள்ளை இப்படி இருக்கிறானே என்று என்னிடம் கேட்காதவர் இல்லை. என் பிள்ளையை நினைத்து நான் பெருமைப்படாத நாள் கிடையாது. அதனால்தான் இதை உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் அப்பா உன்னைக் குறை சொல்லிக் கிடக்கவில்லை. "அவனைப் பதறப் பண்ணாதையும், ஆறுதலாய் வரட்டும்" என்றுதான் சொன்னார். உன் கையில் ஒரு பிழையும் இல்லை. பிழையே இல்லாததற்கு நீ தண்டம் கட்டிக்கொண்டிருக்கிறாய், அதில் பாதியை இப்போது ஆரணியும் கட்டத் தொடங்கிவிட்டாள்.

அவள் ஒரு நாளும் முகம் சுளிக்கமாட்டாள். பக்கத்து ரூமில் நான் இருந்தால், காலையில் எனக்குத் தேத்தண்ணி போட்டுவிட்டுத்தான் கடலுக்குப் போவாள். மேசை மூன்று பேருக்குப் போடுவார்கள். மீன் வந்தால் நீ தலையை எனக்கு வைப்பாய், நான் ஓம் என்பேன், அவளும் என்னைப் பார்த்துத் தனக்கு எல்லாம் பிடிக்கும் என்று சொல்லப் பழகிவிடுவாள். நல்ல பிள்ளைகள் அப்படித்தான் பழகுவார்கள். நான் அந்த வயதில் நல்ல பிள்ளை. நான் ஐம்பத்தேழு வயதில் கண்டதை அவள் இந்த வயதிலேயே காண வேண்டும். அதற்கு அந்த மேசையில் இரண்டு கதிரைதான் இருக்க வேண்டும், தம்பி. மூன்றாவது கதிரையில் இருப்பது அம்மாவாக இருந்தாலும் அது மூன்றாவது கதிரைதான்.

நேற்று ரிக்கெற் போட்ட ஏஜென்றுக்குப் போன் எடுத்து என்னுடையதை நிறுத்தச் சொன்னேன். "அன்ரி, மகனிட்டைக் கேக்காமல் எப்பிடி?" என்று அந்தப் பெடியன் இழுத்தான். "என்ரை பேரிலை கிடக்கிற ரிக்கெற்றுக்கு நான் ஏன் அவனைக் கேக்கவேணும்? நிப்பாட்டும்" என்றேன். நிறுத்திவிட்டான். அவனோடு போய்ச் சண்டை பிடிக்காதே. நீங்கள் இல்லாத நாட்களில் சின்னம்மா வந்து என்னோடு நிற்பாள். இரண்டு பேருமாகச் சாம்பார் வைத்துச் சாப்பிடுவோம், இங்கே அதைக் குறை சொல்ல ஆளில்லை.

பியர்சன் விமான நிலையத்துக்கு உங்களை நான்தான் கொண்டுபோய் விடுவேன். வாயைப் பிளக்காதே. இந்த இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நான் கோயிலுக்குப் போகிறேன் என்று சொன்னதெல்லாம் பாதிப் பொய். சின்னம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானூற்றி ஒன்று பெருந்தெருவில் கார் ஓடிப் பழகினேன். முதல் நாள் அவள் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் சொன்னாள். இப்போது தூங்குகிறாள், அவ்வளவு நன்றாக ஓட்டுகிறேன். அன்றைக்கு நீ முன் சீற்றில் ஏறி எனக்கு லேன் சொல்லித் தரக் கூடாது. பின்னால் ஆரணியோடு இரு. பெட்டிகளை இறக்கியதும் நான் கார் எடுத்துவிடுவேன், அங்கே நெடுநேரம் நிற்க விடமாட்டார்கள். நீ வாசலில் நின்று என் கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உள்ளே போ. வீட்டுக்கு வந்ததும் 'வந்து சேந்திட்டன்' என்று ஒரு வரி போடுவேன். நீ அதற்குப் பதில் போட வேண்டாம். பதில் வராவிட்டால், என் பிள்ளை தன் மனிசியோடு கதைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நான் நிம்மதியாகப் படுப்பேன்.

அம்மா